வீட்டுக்குள் பேசும் பேச்சு

மனநோய்க்குச் சிகிச்சை எடுக்க வரும் குடும்பத்திடம் நான் முதலில் கேட்பது நேற்றைய பொழுதைப் பற்றி. காலையில் யார் முதலில் எழுந்தார்கள்? நோயாளியை யார் எழுப்பியது, என்ன சொல்லி எழுப்பியது? காபியை எங்கே உட்கார்ந்து குடித்தார்? அப்பா வேலைக்குக் கிளம்பும்போது என்ன பேச்சு நடந்தது? மத்தியானம் யார் கூட இருந்தது, ராத்திரி டிவியை யார் அணைத்தது? நோயைப் பற்றிக் கேட்டால் டாக்டரிடம் ஒப்பித்ததையே மறுபடி ஒப்பிப்பார்கள். நேற்றைப் பற்றிக் கேட்டால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் அழுவார். அரை மணி நேரத்தில் அந்த வீட்டின் நடப்பு எனக்குத் தெரிந்துவிடும்.

தென்காசிப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு நடக்கும் நாட்களில் டாக்டர் அறைக்கு அடுத்த அறை எனக்கு. பதவிப் பெயர் மனநல சமூகப் பணியாளர். ஊர்க்காரர்களுக்குக் கவுன்சிலிங் மேடம். வருகிறவர்களில் பலர் மனச்சிதைவு நோய் உள்ளவர்கள். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகம், பிறகு எதிலும் நாட்டமில்லாமல் சுருண்டு கிடப்பது என்று அவர்கள் படும் பாடு பெரிது. கூட வரும் அம்மாவோ அண்ணனோ கதவைத் திறந்ததும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "இவனுக்கு நல்லா புத்தி சொல்லுங்க மேடம்." தாங்கள் வெளியே போய் உட்கார, நான் பையனிடம் பேசிச் சரிசெய்து அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் அவர்களுக்கும் நாற்காலி போடச் சொல்வேன். அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

இப்படிச் செய்வதற்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் யார் மறுபடி நோய்ப்பட்டு வருகிறார்கள் என்று பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, வாடகை அறைக்கும் உடன்பிறந்தவர் வீட்டுக்கும் போனவர்கள் நன்றாக இருந்தார்கள். பாசம் அதிகமான இடத்தில் நோய் ஏன் திரும்புகிறது? அவரும் உடன் வேலை செய்தவர்களும் வீட்டாரைத் தனியே உட்காரவைத்து நீண்ட பேட்டி எடுத்து, நாடாவில் பதிவு செய்து, குறை சொல்லும் பேச்சு எத்தனை, வெறுப்பு உண்டா, அளவு மீறிய பொத்திப் பாதுகாப்பு உண்டா, கனிவு எவ்வளவு, பாராட்டு எத்தனை என்று கணக்கிட்டார்கள். சொல்லை மட்டும் வைத்துக் கணக்கிடவில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். 1972இல் வெளியான முடிவில், குறைப் பேச்சோ வெறுப்போ பொத்திப் பாதுகாப்போ மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஒன்பது மாதத்துக்குள் 58 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. மற்ற வீடுகளில் 16 சதவீதம். பின்னால் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் செய்த ஆய்வில் இன்னொரு கணக்கும் முக்கியமானது. அப்படிப்பட்ட வீட்டாருடன் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். மாத்திரையும் எடுக்காவிட்டால் இன்னும் கூடுதல்.

படிக்கிற காலத்தில் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். பீடி சுற்றும் ஊர்களுக்குப் போன பிறகுதான் அந்த 35 மணி நேரம் என்னவென்று உறைத்தது.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓர் அறை, அடுப்படி, முன்னால் தார்சா, அவ்வளவுதான் வீடு. அப்பா கொத்தனார். அம்மா விடிந்ததிலிருந்து தார்சாவில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுபவர். மகன் டிப்ளமோ முடித்துத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கே நோய் வந்து திரும்பியவர். குரல்கள் மாத்திரையில் அடங்கிவிட்டன. ஆனால் எழுந்திருப்பதில்லை, குளிப்பதில்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கண்ணுக்கு நேரே அறை; அறைக்குள்ளே படுத்திருக்கும் மகன். வாரத்துக்கு 35 என்ன, அவர்கள் இருவரும் விழித்திருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் பார்வையில் ஒருவர். இலையைச் சுருட்டி நூல் கட்டுகிற ஒவ்வொரு கட்டுக்கும் இடையில் அம்மா ஒன்று சொல்வார். "எந்திலே." "மணி என்ன ஆச்சு?" "உன்கூடப் படிச்சவன் எல்லாம் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டான்." சாயங்காலம் அப்பா வந்ததும் அவர் முறை. "நான் வெயில்ல சாவுதேன், இவன் ஃபேனுக்கு அடியில படுத்துக் கெடக்கான்."

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. மகனுக்காகச் சங்கிலியை அடகு வைத்தவர்கள். மகன் சோம்பேறியாகிவிட்டான் என்று மனதார நம்பியதால்தான் அப்படிப் பேசினார்கள். குடும்பங்களின் குறைப் பேச்சில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று ஆராய்ச்சியாளர்களும் பிற்பாடு கண்டார்கள். சத்தம் போட்டுத் தனக்குத்தானே பேசினால் நோய் என்று வீட்டார் ஒப்புக்கொள்கிறார்கள். பேசாமல் படுத்துக் கிடந்தால் திமிர் என்கிறார்கள். முன்னதைப் போலவே பின்னதும் நோயின் பகுதி என்பதை விளக்குவதற்கே எனக்கு இரண்டு மூன்று சந்திப்புகள் ஆகும். நான் வழக்கமாகச் சர்க்கரை நோயை உதாரணம் காட்டுவேன், ஏனென்றால் அது எல்லா வீட்டிலும் இருக்கிறது: "சர்க்கரை கூடுனவருக்கு அசதி வந்தா அவர நாம திட்டுவோமா அண்ணாச்சி?" அந்தக் கொத்தனார் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவன் வேணும்னு செய்யலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் மீதி வேலை பாதி முடிந்த மாதிரி.

அடுத்தது நேரம். ஓர் அறை வீட்டில் ஆளுக்கோர் அறை கொடு என்று புத்தகம் சொல்வதைச் சொல்ல முடியாது. எனவே நேரத்தைப் பிரித்தோம். சுற்றிய பீடியைப் பீடிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பாஸ்புக்கில் வரவு வைத்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி வருவது மகன் பொறுப்பு. சைக்கிளில் போக வர, அங்கே வரிசையில் நிற்க, ஒரு பொழுது கழியும். முதல் வாரம் அம்மா கூடவே போனார். பிறகு கடையில் சொல்லிவைத்துவிட்டுத் தெருமுனை வரை. அதற்கும் பிறகு போகவில்லை. சாயங்காலம் ஊர் நூலகம். பேப்பரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும் என்றேன். அப்பா, "சாந்துச் சட்டி தூக்க வரச் சொல்லட்டுமா?" என்றார். இப்போது வேண்டாம், வெயிலும் மேஸ்திரியின் அதட்டலும் சேர்ந்து தாங்காது, ஆறு மாதம் போகட்டும் என்றேன். சிறிய வேலையில் நிலைத்து நின்ற பிறகு பெரிய வேலை என்ற வரிசையில் எனக்கு உறுதியான பிடிப்பு உண்டு.

மூன்றாவது, சொல்லும் முறை. இதை நான் அறையிலேயே ஒத்திகை பார்க்க வைப்பேன். "என்னல இன்னும் படுத்துக் கெடக்க" என்பதற்குப் பதிலாக, "எட்டு மணிக்கு எந்திச்சிட்டேன்னா கடைக்கு வெயிலுக்கு முந்திப் போயிரலாம்" என்று சொல்லிப் பார்க்கச் சொல்வேன். என்ன செய்ய வேண்டும், எப்போது, ஏன் என்பது ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். பழைய கணக்கு எதுவும் அதில் வரக்கூடாது. அம்மாக்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். அப்பாக்கள், "நம்ம வீட்டுல இப்படியெல்லாம் யாரும் பேசினதில்லியே மேடம்" என்பார்கள். உண்மைதான். கொத்தனார் வேலையில் பிறரைக் கூப்பிட்டுப் பழகிய குரலை வீட்டுக்குள் இறக்கிக்கொள்வது சுலபமல்ல. ஆனால் அவர் இறக்கிக்கொண்டார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடும்.

பாராட்டுத்தான் கடினம். பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சினால் கண் பட்டுவிடும் என்ற பயம் நம் தாய்மாரிடம் ஆழமாக இருக்கிறது. அதை நான் பிடுங்கப் பார்ப்பதில்லை. "அவனிடம் சொல்ல வேண்டாம். பக்கத்து வீட்டு மதினியிடம், அவன் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள்: இன்னைக்குக் கடைக்கு இவன்தான் போயிட்டு வந்தான் என்று" என்பேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை, நான் கண்டுகொண்டது. பல வீடுகளில் பலித்திருக்கிறது.

இப்படிக் குடும்பத்தோடு செய்யும் வேலையை லெஃப் குழு 1982இல் முறையாகச் சோதித்துப் பார்த்தது. எல்லோரும் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களே. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் ஒன்பது மாதத்துக்குள் பாதிப் பேருக்கு நோய் திரும்பியது. வீட்டாரோடும் சேர்ந்து வேலை செய்யப்பட்ட குழுவில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்வந்த பல ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டின. மாத்திரையை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் மாற்றினால் போதும் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மாத ஊசிக்கு வராமல் விட்டவர்களைத் தேடி வீட்டுக்குப் போவதும் என் வேலையில் ஒரு பகுதிதான்.

இன்னொரு ஆய்வு நம் நாட்டில் நடந்தது. சண்டிகரில் மனநல மருத்துவர்கள் விக், லெஃப் முதலியோர் அதே பேட்டியை இந்தியக் குடும்பங்களிடம் எடுத்தார்கள். குறைப் பேச்சு லண்டனில் இருந்ததைவிடக் கணிசமாகக் குறைவு. இதைப் படித்துவிட்டுக் கூட்டுக்குடும்பத்தின் பெருமை என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நம் வீடுகளில் பொறுமை இருக்கிறது, உண்மை. அந்தப் பொறுமைக்கு விலை கொடுப்பது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். அம்மா, இல்லையென்றால் மனைவி, இல்லையென்றால் கல்யாணமாகாத அக்கா.

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், பராமரிப்பவர்களின் சுமையை அளக்க 40 கேள்விகள் கொண்ட ஓர் அட்டவணையை உருவாக்கியிருக்கிறது. நோயாளியின் குணத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு, பார்த்துக்கொள்கிறவரின் தூக்கத்தையும் உடம்பையும் கேட்க வேண்டும் என்று அது நினைவூட்டுகிறது. நான் என் பாணியில் கேட்பேன்: "நீங்க கடைசியா எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனீங்க?" பல அம்மாக்களுக்கு விடை சொல்ல நேரமாகும். இவனை விட்டுவிட்டு எப்படிப் போக என்பார்கள். கூட்டிக்கொண்டு போனால் கேள்வி கேட்பார்களே என்பார்கள். அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு விசேஷ வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருந்துச் சீட்டிலேயே எழுதினால்தான் வீட்டில் மற்றவர்கள் அனுப்புவார்கள்.

அளவு மீறிய பொத்திப் பாதுகாப்பு என்று ஆராய்ச்சி சொல்வதை நம் ஊரில் எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எனக்கென்று ஒரு தீர்மானம் உண்டு. முப்பது வயது மகனுக்கு அம்மா சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுப்பதை லண்டன் பேட்டியாளர் உடனே குறித்துக்கொள்வார். நான் குறிப்பதில்லை. நம் வீடுகளில் அது சாதாரணப் பாசம். ஆனால் மகனுடைய சட்டையை அம்மாவே மாட்டி, அவனிடம் யாராவது கேள்வி கேட்டால் அம்மாவே பதில் சொல்லி, அவன் கக்கூஸ் போனால் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். பாசத்தைக் குறையுங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் செய்யக்கூடியதை அவனிடம் விட்டுவிடுங்கள் என்று சொல்வேன்.

"நான் வளத்ததுல குறையா?" என்று கேட்காத தாய் இல்லை. ஒரு காலத்தில் மனநல மருத்துவமே ஆமாம் என்று பதில் சொன்னது. 1948இல் ஃபிரீடா ஃபிரோம்-ரைஷ்மன் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து, தாயின் போக்குதான் மனச்சிதைவை உண்டாக்குகிறது என்ற கருத்து பரவி, பல பத்தாண்டுகள் தாய்மாரை வாட்டியது. அது தவறு என்று இன்று தெளிவாகத் தெரியும். மரபு, மூளை, இன்னும் பல காரணங்கள் சேர்ந்து வரும் நோய் இது. வீட்டுப் பேச்சு நோயை உண்டாக்குவதில்லை; வந்த நோய் அடங்கியிருப்பதற்கும் திரும்புவதற்கும் அதற்குப் பங்கு உண்டு. இந்த வித்தியாசத்தை நான் ஒவ்வொரு தாயிடமும் அவசரமில்லாமல், வேண்டுமானால் திரும்பத் திரும்பச் சொல்வேன். பழி சுமத்தப்பட்ட தாயிடம் குரலை இறக்குங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

வீட்டாரைச் சிகிச்சைக்குள் சேர்த்ததில் நம் நாட்டுக்கு ஒரு முன்னோடிச் சரித்திரம் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு உறவினர் ஒருவர் கூடவே தங்குவது ஆரம்ப காலத்திலிருந்தே வழக்கம். நோயாளியைப் பூட்டி வீட்டாரைத் திருப்பி அனுப்பிய உலகத்தில் இது பெரிய காரியம்.

கோயிலைப் பற்றிப் பேசாமல் எங்கள் பக்கத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது. என்னிடம் வருமுன் குறி கேட்டிருப்பார்கள், மந்திரித்திருப்பார்கள், தர்காவில் தங்கியிருப்பார்கள். நான் அதை விசாரிப்பேன். ஏளனம் செய்ய மாட்டேன். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில், முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் டாக்டர் ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் பார்த்து, 2002இல் எழுதினார்கள். மாத்திரை இல்லாமலே அறிகுறிகள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தன. அங்கே கட்டுவதில்லை, அடிப்பதில்லை. வீட்டார் கூடத் தங்குகிறார்கள், கோயில் வேலைகளில் கைகொடுக்கிறார்கள், அமைதியாகப் பொழுது போகிறது. அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. "சாமி கும்பிடுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க, கட்டிப்போடாதீங்க" என்ற மூன்றையும் சேர்த்தே நான் சொல்வேன்.

கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடுமா என்ற கேள்விக்கு நான் நயமாகப் பேச மாட்டேன். ஆகாது. மறைத்துச் செய்தால் இரண்டு வீடு அழியும். மனச்சிதைவு நோயும் முறிந்த மணவாழ்க்கையும் சேர்ந்த பெண்களைப் பற்றி ஸ்கார்ஃபின் டாக்டர் தாரா குழுவினர் சென்னையில் செய்த ஆய்வைப் படித்தவர்கள் இதில் தயங்க மாட்டார்கள். பிறந்த வீட்டில் விடப்பட்டு, வயதான பெற்றோரை அண்டி வாழ்பவர்கள் அவர்கள்; சட்டப்படி பிரியாமல், தாலியைக் கழற்றாமல், கணவன் வருவான் என்று காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். அப்படிக் காத்திருக்கும் பெண்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். சொல்லி, தெரிந்து, ஒப்புக்கொண்டு நடந்த கல்யாணங்கள் நன்றாக ஓடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். மருந்துச் சீட்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டிவிட்டு நிச்சயம் செய்த அப்பா ஒருவரை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் எல்லாக் குடும்பமும் ஒரு கேள்விக்கு வந்து நிற்கும்: "எங்களுக்குப் பொறவு இவன யாரு பாப்பா?" இதற்குப் பதில் சொல்ல நான் அண்ணன், தங்கைகளை முன்கூட்டியே கூப்பிடத் தொடங்கியிருக்கிறேன். பெற்றோர் அவர்களை இதில் இழுக்கக் கூடாது என்று ஒதுக்கியே வைத்திருப்பார்கள். மகளுக்கு மாமியார் வீட்டில் தெரியக் கூடாது என்பார்கள். அப்படி ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள், பெற்றோர் போன பிறகு எந்த மாத்திரை, எந்த ஆஸ்பத்திரி, எதைச் சொன்னால் கோபம் வரும் என்று ஒன்றும் தெரியாமல் தவிக்கிறார்கள். அந்தக் கொத்தனார் மகனின் தங்கையை அப்படித்தான் வரவழைத்தேன். அவர் கணவரோடு வந்தார். ஊசி தேதி, மாத்திரைப் பெயர், நோய் திரும்புமுன் அண்ணனிடம் தெரியும் அடையாளங்கள் — தூக்கம் குறையும், கதவை உள்ளே தாழிடுவார், அம்மா ஊற்றிய காபியை வேண்டாம் என்பார் — எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனக்காகப் பேசும் பிரதிநிதி யார் என்பதை நோயாளியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ நியமிக்கலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. அவரே தங்கையின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கை கணவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, ஊசி போடும் நாளில் தான் விடுப்பு எடுத்துக் கூட்டிவர முடியுமா, அல்லது சனிக்கிழமை ஓ.பி. உண்டா என்று கேட்டார். சனிக்கிழமை கிடையாது என்றேன். செவ்வாய்க்கிழமை என்று நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.